ஒரு வரி தப்பினால் லாரி திரும்பும்

என் மூளையைப் பற்றி எனக்கு அநியாயப் பெருமை. மலாயாவில் பெடாஸ் பக்கம், முள்கம்பிக்குள் அடைபட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கமாகிய நான் என்றால் எதற்கும் விதி பேசுகிற ஆள் என்று பெயர். அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, லாரியில் வரும் அரிசியை ஆளைச் சரிபார்த்துத்தான் அளந்தார்கள்.

பட்டியல் எழுதியவன் நான். விதி போட்டவனும் நான்தான். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வீட்டு எண், மூன்றையும் கேட்க வேண்டும். பட்டியலோடு ஒத்துவர வேண்டும். ஒரு வரி தவறினாலும் பட்டியலே பொய், லாரி அப்படியே திரும்பட்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தலையாட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமில்லை.

முதல் நாள். ஆண்கள் ரப்பர் பால் நிறுக்கப் போயிருந்ததால் வரிசை முழுக்கப் பெண்கள். ரேஷன் அதிகாரி காதர் மைதீன் மேசை போட்டு உட்கார்ந்தார். கல்யாணமாகாத வள்ளிநாயகி தகப்பன் பெயரைச் சொல்லி அரிசி வாங்கிப் போனாள். அடுத்து நின்றது என் மனைவி பஞ்சாலை. தன் பெயரைச் சொன்னாள். கணவன் பெயர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மகா புத்திசாலியான நான் பட்டியல் எழுதும்போது ஆண்களை மட்டும் கேட்டுச் சரிபார்த்திருந்தேன்.

"உங்க விதிப்படி லாரி கிளம்பணும்லா, கிராணி," என்றார் காதர் மைதீன்.

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். வரிசையில் நீலாவதி கைக்குழந்தையோடு காலி டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தின நாளே அவள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. நான் மேசைக்கு ஓடினேன்.

"சார், பட்டியல்ல சிக்கி நிக்கிற வரிய மட்டும் ஒதுக்கி வச்சிட்டு மத்ததப் பாருங்க. புருஷன் பேர பக்கத்து வீட்டுக்காரி சொல்லட்டும்."

அப்படியானால் லாரி திரும்ப வேண்டும் என்ற விதி யார் போட்டது என்று கேட்டார். ஒரு மடையன் போட்டது என்றேன். டிரைவரை இறங்கச் சொன்னார்.

அதன்பிறகு வரிசை கடகடவென்று நகர்ந்தது. ஒருத்தி புருஷன் பெயரை இன்னொருத்தி சொல்ல, நீலாவதியின் டின்னும் நிறைந்தது. ஆனால் முதலில் ஒதுக்கிய வரியைக் கடைசியில்தான் பார்ப்பேன் என்று காதர் மைதீன் பிடிவாதமாக இருந்தார். பஞ்சாலை வெயிலில் நின்று என்னை முறைத்தாள். கடைசி மூட்டையில் அரிசி அடிக்கு வந்தபோது அவளைக் கூப்பிட்டார். மற்றவர்கள் அரிசியோடு வீட்டுக்குப் போய்விட்டதால், அவளுக்காகப் பெயர் சொல்ல யாரும் மிச்சமில்லை. நானும் வாய் திறக்கக் கூடாதாம்.

"பேரு சொல்ல மாட்டேன் சார்," என்றாள் பஞ்சாலை. "அந்தா, தானே விதியப் போட்டுட்டு தானே முழிக்கிறாரு பாருங்க, அந்த மனுசன்தான்."

காதர் மைதீன் பட்டியலைப் பார்க்காமலேயே, ஒத்துவருகிறது என்று குறித்துக்கொண்டு அரிசியை அளந்தார்.