போட்டியாளர் உயிரோடு இருக்க வேண்டுமென்று விதியில்லை

தார்சோனோவைப் புதன்கிழமை அடக்கம் செய்தோம்; வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர் போட்டிப் பட்டியலில் நாற்பத்தோராம் இடத்திலிருந்து பதினேழாம் இடத்துக்கு ஏறியிருந்தார். அந்த வாரம் எங்கள் ஜாவா ஊரான புர்வோகெர்த்தோவின் சந்தையில் மிளகாய் கிலோ அறுபதாயிரம் ரூப்பியா.

உரக்கடை மேலாளர் வேலையை விட்டுவிட்டு, ஆறு வருடமாகத் தங்கத்தையும் டாலரையும் கணினியில் வாங்கி விற்கும் போட்டிகளில் கலந்துகொண்டவர் அவர். மாதம் ஒரு போட்டி. முதல் முப்பதுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் நெஞ்சு வலித்தபோது மனைவி லஸ்மினி ஓடிப்போய் ஒரு காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "மாஸ், கிளம்புங்க" என்றாள்; கணவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "லண்டன் சந்தை இப்பதான் தொறக்குது. அரை மணி பொறு." கார் அரை மணி நின்றது. பிறகு காலியாகத் திரும்பிப் போனது.

அடக்கம் முடிந்து வந்து பார்த்தால் மௌஸ் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலி மெத்தை ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. ஏழாம் நாள் தொழுகைக்கு வந்தவர்கள் பொரித்த சோயாத் தெம்பேயைத் தின்றபடி திரையைப் பார்த்தார்கள். "உயிரோட இருந்தப்ப இவ்வளவு நல்லா ஆடலயே மனுஷன்" என்றார் பக்கத்து வீட்டு ருஸ்மான். "இப்ப பயம் விட்டுப்போச்சு. இழக்க என்ன இருக்கு?" என்றார் இன்னொருவர். "நான் இருக்கேனே" என்றாள் லஸ்மினி. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் முதல் பரிசு. போட்டி நடத்தும் கம்பெனியின் ஆள் கதவகல அட்டைக் காசோலையோடு ஜகார்த்தாவிலிருந்து வந்தார். "ஜெயிச்சவர் எங்கம்மா?" "கல்லறையில. வலது பக்கம் மூணாவது." அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். உயிரோடு இருக்க வேண்டுமென்று எங்கும் இல்லை. காசோலையை நாற்காலியில் சாய்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் பதினொரு முறை வென்றார். பரிசெல்லாம் அவர் கணக்கிலேயே விழுந்தது. கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். லஸ்மினி ஊர்த்துணி துவைத்து மின்கட்டணம் கட்டினாள். ஒரு மாதம் கட்டாமல் விட்டுப் பார்த்தாள். வீடே இருண்டது, அந்தத் திரையைத் தவிர.

ஆயிரமாவது நாளில்தான் போனவர் முழுதாகப் போவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்று எல்லோரையும் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாஸ், ஆயிரம் நாள் ஆச்சு. எந்திரிங்க. இல்லன்னா, நான் இங்க இருக்கறது தெரியுதுன்னாவது ஒரு தடவ சொல்லுங்க."

மௌஸ் நின்றது. பிறகு அடுத்த போட்டிக்கான விண்ணப்பம் திறந்தது. பெயர், ஊர், பிறந்த தேதி. திருமண நிலை கேட்ட இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன: மனைவி காலமாகிவிட்டார்.

லஸ்மினி இரண்டு முறை வாசித்தாள். எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள்.

மறுமாதம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிலாசாப்பில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். முன்னறையில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்று குடிவந்த தம்பதியிடம் முதலிலேயே சொன்னாள். சோறு கேட்கமாட்டார்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் அவர்கள்.