வட்டத்துக்குள் ஒரு வீடு

பாரிஸிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவர நினைப்பவர்களில் பாதிப் பேர், ரயில் நிலையத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். வட்டத்துக்குள் இருப்பது ஊர், வெளியே இருப்பது மாடு மேய்கிற இடம் என்று நினைப்பு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ல மான் நகரில் வீட்டுத் தரகு செய்கிற எனக்கு அந்த வட்டத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

ஒரேலியன் தன் வட்டத்தைக் கைபேசியில் பச்சை நிறத்தில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை மனைவி சொலேனோடு வந்து இறங்கியவர், நிலைய வாசலில் நேரம் அளக்கக் கைக்கடிகாரத்தைத் தட்டிவிட்டு ஒரு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பெட்டி காலி. இழுத்துப் பார்ப்பதற்காக மட்டும் கொண்டுவந்ததாம். நானும் சொலேனும் பின்னால் வந்தோம்.

சொலேன் பாரிஸில் ஒரு மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சை செய்கிறவர். பள்ளிக்குப் போகிற மகள் ஒருத்தி, லிசோன். வேலையை விடுவதாகத் திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நடக்கும்போதே சொன்னார். அந்த இடத்துக்கு வேறொருவர் தயாராகக் காத்திருக்கிறார். கொடுத்துவிட்டால் திரும்ப முடியாது. ஆகவே இந்த ஊரா இல்லையா, இந்த ஊர் என்றால் எந்தப் பகுதி என்பது இன்றே முடிவாக வேண்டும்.

"பத்து நிமிஷத்துக்கும் கம்மி!" ஒரேலியன் வீட்டு வாசற்படியில் நின்று மூச்சுவாங்கினார். "விளம்பரத்துல நீங்க போட்டது சரிதான் மேடம்."

"ஆனா சார், ஸ்டேஷன் வாசல்லேர்ந்து அளக்கக் கூடாது. ரயில் பெட்டியிலேர்ந்து அளக்கணும்" என்றேன். "சில நேரம் ரெண்டு ரயிலைச் சேர்த்துக் கோத்து ஓட்டுவாங்க. உங்க இடம் கடைசிப் பெட்டியில இருந்தா, நடைமேடை முழுக்க நடக்கணும். மழைன்னா எல்லாரும் கூரைக்குக் கீழே ஒரே வரிசையில ஊருவாங்க."

அவர் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார். கிண்டல் உறைக்காத ஆட்களிடம் கிண்டல் செய்வது வீண் செலவு.

வீடு எங்கள் ஊருக்கே உரிய கட்டு. தெருவிலிருந்து சில படிகள் ஏறினால் முன்கதவு. அதன் கீழே பாதி புதைந்த ஒரு தளம். தெருப் பக்கம் பார்த்தால் நிலவறை; ஆனால் நிலம் பின்பக்கம் சரிவதால், அதே தளம் தோட்டத்துக்கு நேராகத் திறக்கும். சமையலறை அங்கே. அந்தக் காலத்தில் தெருவோரத் துவாரம் வழியாகக் கரியைக் கொட்டினால் நேரே அடுப்புக்குப் பக்கத்தில் வந்து விழும். இதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

"வைஃபை எப்படி?" என்றார் ஒரேலியன். "அப்புறம், இந்த ஊர்ல சாயங்காலம் ஜனங்க என்னதான் பண்ணுவாங்க?"

"சாப்பிடுவோம் சார். அப்புறம் பாரிஸ்காரங்களைப் பத்திப் பேசுவோம்."

சொலேன் சிரித்துக்கொண்டே கீழே இறங்கி, சமையலறையின் மரச் சன்னல்களைத் திறந்தார். தோட்டத்து வெளிச்சம் உள்ளே வந்தது. அவருக்கு வீடு பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"உன் மேஜையை எங்க போடலாம்? மாடியில சின்ன ரூம்லயா?" என்று கணவரைக் கேட்டார்.

"மேஜை எதுக்கு செல்லம்? திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நான் வேலைக்காகப் பாரிஸ்லதானே இருப்பேன்."

"தினம் ராத்திரி வந்துடுவேன்னு சொன்ன."

"தினமுமா? அது மனுஷனால ஆகுமா? பாரிஸ்ல நம்ம ஃப்ரெண்ட் கெய்ரிக் வீட்டு மாடி அறை காலியா இருக்கு. பேசி முடிச்சிட்டேன்."

"எப்போ?"

"ஈஸ்டர் சமயத்துல."

இப்போது செப்டம்பர்; ஈஸ்டர் போய் ஐந்து மாதமாகிறது. சொலேன் சன்னல் கட்டையைப் பிடித்தபடி நின்றார். "புதன் மதியம் ஸ்கூல் கிடையாது. லிசோனை யாரு பாத்துக்கறது?"

"நீதான் இருக்கியே! தோட்டம் வேற இருக்கு."

"அந்தக் காலிப் பெட்டிய இழுத்துப் பாத்தியே ஒரேலியன், அது வர்றதுக்கா, போறதுக்கா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதனால் உதவினேன். "ஸ்டேஷனுக்குப் போறப்போ இறக்கம் சார். இன்னும் சீக்கிரமே போயிடலாம்."

"சரி, வட்டத்துக்கு வெளியே வேணும்னாலும் பாரு. எனக்கு எங்கன்னாலும் சரி" என்றார் மனைவியிடம் தாராளமாக.

"உனக்கு எங்கன்னாலும் சரியாத்தான் இருக்கும். நீதான் இருக்கப் போறதில்லியே. ஒண்ணு செய். திங்கட்கிழமை நீயும் வேலைய விடறதா எழுதிக் குடு. அப்போ இந்த ஊர்ல எந்தத் தெருன்னாலும் நான் வரேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "என் வேலைக்கு இங்க என்ன இருக்கு? உனக்கென்ன, முதுகுவலி எல்லா ஊர்லயும் இருக்கு."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ரயிலைப் பிடிச்சா, வீட்ல போய் நிதானமாப் பேசலாம்."

"நீ போ. எவ்வளவு நேரமாகும்னுதான் உனக்குத் தெரியுமே."

போனார், கோபமாக, இறக்கத்தில்.

மரச் சன்னல்களை மூட சொலேன் எனக்கு உதவினார். கொண்டியை முதலில் தூக்கி, பிறகுதான் திருப்ப வேண்டும். அவர் ஒரே முறையில் கற்றுக்கொண்டார்.

"வேற பகுதி ஏதாவது பாக்கணுமா மேடம்?"

"வேண்டாம். வீடு நல்ல வீடுதான். ஆனா திங்கட்கிழமை நான் எதையும் எழுதிக் குடுக்கப் போறதில்ல."

வாசற்படியில் அந்தப் பெட்டி நின்றிருந்தது.

"சார் மறந்துட்டுப் போயிட்டார்" என்றேன்.

"பரவாயில்ல, நான் கொண்டு போறேன்." கைப்பிடியை இழுத்து நீட்டினார். "ஒரேலியன் கெய்ரிக்கோட மாடி அறைக்குப் போறப்போ, தன் சட்டையெல்லாம் மடிச்சு வைக்க இது வேணுமே."