பச்சையாய் வந்த நீல ஸ்புரூஸ்

வெர்னாவின் கண்ணில் இருந்த நீலத்தை வாசலில் நின்ற ஸ்புரூஸ் மரம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே அது ஜன்னல் திரைகளை வெளுத்து முடித்திருந்தது. கன்னிசன் ஆற்றங்கரையில் இதை யாரும் பெரிய சேதியாகச் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரத்தை வேரோடு சாக்கில் கட்டி வாங்கி, பண்டிகை முடிந்ததும் வாசலில் நடுவார்கள். ஜனவரியில் மண் கல்லாகிவிடும். குழியை அக்டோபரிலேயே வெட்டி வைக்கோலால் மூடிவிட வேண்டும். வெர்னாவின் புருஷன் ஆர்வில் அப்படித்தான் செய்தான். நீல ஸ்புரூஸ் என்று சொல்லி விற்ற கன்று, வசந்தத்தில் புல்லைப் போலப் பச்சையாகத் துளிர்த்தது. விதையில் முளைத்தவை பலவும் அப்படித்தான். ஆர்வில் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தபால் நிலைய வாசலில் பக்கத்து வீட்டு கிளைட் அவனைக் கேலி செய்யாமல் விடமாட்டான். "என்னப்பா ஆர்வில், உன் நீலம் இன்னும் பழுக்கலியா?"

"அது நீல ஸ்புரூஸ்தான்டா. பேரு அதான். பொறுத்துப் பாரு."

பேரைக் காப்பாற்ற மரம் பாடுபட்டது, பாவம். நீலத் திரைகள் வெளுத்தன, பிறகு பீங்கான் தட்டுகளின் நீலப் பூக்கள், கொடியில் காய்ந்த ஆர்விலின் நீல வேலைச் சட்டைகள். கிளை கிளையாக நீலம் ஏறியது. டென்வர் நகரத்திலிருந்துகூட ஆட்கள் காரில் வந்து பார்த்தார்கள். கிளைட் கூடத் தொப்பியைக் கழற்றினான். ஆர்விலுக்குத் தலைகால் புரியவில்லை. வெளுத்த துணியை மடித்து மடித்து வெர்னா அலுத்துப்போனாள்.

"கண்ணாடில பாத்தேன் ஆர்வில். என் கண்ணு ஓரத்துல சாம்பலாயிட்டு வருது. அந்த மரத்தை வெட்டிடு."

"இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும்."

பல கிறிஸ்துமஸ் போயின. அந்தக் கண்களுக்காகத்தான் அவளைக் கட்டினேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன். ஒரு மார்ச் காலையில் அடுப்படியிலிருந்து அவள் திரும்பியபோது இரண்டு கண்ணும் முழுச் சாம்பல். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆர்வில் கோடரியை எடுத்துக்கொண்டு போனான். அவள் ஏப்ரனோடு ஓடி வந்து மரத்தை மறித்து நின்றாள்.

"இப்ப வெட்டினா என் கண்ணும் சேந்துல்ல போயிடும்? கேட்டப்ப வெட்டல. போதும், உள்ள வா. காபி ஆறுது."

அவன் உள்ளே வந்தான். அதன்பின் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய போதெல்லாம், பனியானாலும் வெளியே போய், மரத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசினான். வெர்னா சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். சில நாள் மன்னித்தாள், சில நாள் இல்லை.