நூற்றியொன்றாவது புள்ளி

பேருந்து நேர அட்டவணை போட்டு ஓய்வுபெற்ற ஈனிட் பாராக்ளோவிடம் ரக்பி லீக் சங்கம் ஒரு வேலை கொடுத்தது. பெரிய ஊர் கிளப்புகள் நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாதபடி ஒரு புள்ளி முறை வேண்டும்.

ஈனிட் அதை ரசித்து ரசித்துச் செய்தாள். திறமைக்கேற்ற புள்ளி. ஒரு கிளப்பின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நூறைத் தாண்டக் கூடாது. சொந்த ஊரிலேயே ஆடி வளர்ந்தவருக்குப் பாதிப் புள்ளிதான். ஒரு பருவத்தில் மூன்று முறை ஆட்ட நாயகனானால் ஒரு புள்ளி கூடும். அதனால் நூறு தாண்டினால், தாண்டவைத்தவரே திங்கள் நண்பகலுக்குள் வெளியேற வேண்டும்.

அவளுடைய கிரிம்லி கிளப் சரியாக நூறில் நின்றது. முன்வரிசைக்காரன் ஜெத்ரோ சக்டன், முப்பத்துமூன்று வயது, வேறு ஊர்ச் சட்டையே போட்டறியாதவன், இரண்டு முறை நாயகனாகியிருந்தான்.

மூன்றாவது முறையும் நாயகனாகிவிடக் கூடாதே என்று அந்த ஞாயிறு அரங்கமே அவனைத் திட்டித் தீர்த்தது. அவன் மனைவி பிரியோனி கையைக் குவித்து, "என் புருஷன் எதுக்கும் லாயக்கில்ல" என்று பாசத்தோடு கத்தினாள். ஜெத்ரோவுக்குத்தான் மோசமாக ஆட வரவில்லை. தடுக்கி விழப் பார்த்தான். பந்தோடு கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். நடுவர் அதற்கு டிரை, அதாவது ரக்பியின் கோல், கொடுத்தார்.

அன்றைய ஆட்டத்துக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர்தான் நாயகனைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அன்று அது இறைச்சிக்கடை வில்ஃப். பியர் கோப்பையோடு ஈனிடிடம் வந்து யாரைச் சொல்வது என்று கேட்டார்.

"ஜெத்ரோதான்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் நாளைக்கும் இதே ஊர்ல கடை திறக்கணும்."

"எண்ணிட்டேன் வில்ஃப். நாப்பத்தாறு தடவை எதிராளியைத் தடுத்து வீழ்த்தியிருக்கான்."

திங்கள் நண்பகல் கிளப் அவனை விடுவித்தது. பிற்பகலில் ஜெத்ரோ ஈனிடின் சமையலறையில் உட்கார்ந்து, தன்னை யார் எடுப்பார்கள் என்று கேட்டான். ஈனிட் தேநீரை ஊற்றிவிட்டு ஆர்வமாக விளக்கினாள். வெளியூரில் பாதிச் சலுகை கிடையாது, ஆகவே அவன் ஒன்பது புள்ளி. ஒன்பது புள்ளி காலியாக உள்ள கிளப்பே இல்லை.

"ஆக, உங்க நியாயப்படி நான் எவனுக்கும் வேண்டாதவன்."

அவள் விதிகளைப் புரட்டினாள். பதினான்காவது விதியில் விரல் நின்றது. ஐந்து நாள் யாரும் கேட்காத ஆட்டக்காரரைச் சொந்த ஊர்க் கிளப் பூஜ்யப் புள்ளிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கும் வேண்டாத பையன்கள்மேல் இரக்கப்பட்டு அவளே எழுதியது.

"சனிக்கிழமை வரைக்கும் சும்மா இரு, கண்ணு."

"பூஜ்யமா? இத்தனை வருஷம் எலும்பு முறிச்சுக்கிட்டதுக்கு?"

"அதான் விசேஷமே. உன்னால இனிமே யாருக்கும் இடைஞ்சலில்ல."

ஜெத்ரோ பிரியோனியிடம் மட்டும் சொன்னான். பிரியோனி பக்கத்து ஊர் கிளப் செயலாளரின் மனைவியான தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். அன்று மாலையே அந்தக் கிளப், சனிக்கிழமை பூஜ்யத்துக்கே திரும்பச் சேர்க்கலாமென்று, தன் சொந்த ஊர்க்காரர்கள் பதினொரு பேரையும் விடுவித்தது. நள்ளிரவுக்குள் மற்ற பத்துக் கிளப்புகளும் விடுவித்தன. அடுத்தவன் ஆளைக் கேட்டால் தன் ஆளையும் கேட்பார்களே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வாரம் வடக்கு இங்கிலாந்தில் நூற்று முப்பத்தோரு பலசாலிகள் வேலையில்லாமல் புல்வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீண்டது. தலைவர் சிவந்த முகத்தோடு பதினான்காவது விதியை உடனே நீக்கச் சொன்னார். பருவம் முடியும்வரை எதையும் நீக்க முடியாது, அதற்கும் விதியுண்டு என்றாள் ஈனிட். வரிசையில் முதல் ஆள் ஜெத்ரோ.

"எல்லாருக்கும் ஒரே புள்ளி," என்றாள் அவனிடம், கண்கள் பளபளக்க. "இதைவிட நியாயமா ஒரு முறை இருக்க முடியாது, கவனிச்சியா?"

"கவனிச்சேன்," என்றான் ஜெத்ரோ. "பேனாவைக் குடுங்க, பின்னால இருக்கறவன் தள்றான்."