வைத்தியருக்கு ஒரு புது விதி

ஞாயிறு மதியம் பல் டாக்டரின் கிளினிக்குக்கு நோயாளிகள் வர மாட்டார்கள். காத்திருக்கும் அறையின் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மேசையைப் போட்டு நாங்கள் நான்கு பேர் ஆடுவோம். ஒரு கற்பனை உலகம், பூதங்கள், பாழடைந்த கோட்டை, ஆளுக்கொரு கதாபாத்திரம், பல முகமுள்ள பகடைகள். இந்த வயதில் இது தேவையா என்று என் வீட்டுக்காரர் வாராவாரம் கேட்பார். நான் எதற்குப் போகிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

கதையை நடத்துபவர் எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்கிற மெக்கானிக். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். எதிரிகளுக்கு அவர்தான் பகடை உருட்டுவார், ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால். பல் டாக்டர் வாள் வீராங்கனை. நிஜத்தில் எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற அம்மாள். நான் திருடி. என் தம்பி வைத்தியர். வைத்தியரிடம் எழுப்பும் மந்திரம் என்று ஒன்று உண்டு. சண்டையில் யார் செத்து விழுந்தாலும் அவர் கை வைத்தால் எழுந்துவிடுவார்கள். தப்பவே தப்பாது.

தம்பி ஆம்புலன்ஸில் முதலுதவி பார்த்தவன். கூட வேலை செய்த சிநேகிதன் ஒருநாள் வண்டிக்குள்ளேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனான் தம்பி. சிநேகிதன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி வேலைக்குப் போகவில்லை. அறையை விட்டே வரவில்லை. தலையணை உறையை மாற்றப் போன நான், உள்ளே மாத்திரைகள் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவை எதற்கென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம், இப்போதும் போகிறோம். ஆனால் அவனை வெளியே இழுத்து வந்தது மாஸ்டரின் ஆட்டம்தான். என் பயம் மட்டும் போகவில்லை. அவன் குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மாஸ்டரிடம் தனியாகச் சொல்லி வைத்தேன்: "ஆட்டத்துல அவன் சாகக் கூடாது, தோக்கவும் கூடாது. அட்டைக்குப் பின்னாடி என்ன வேணா பண்ணிக்கோங்க." மனுஷர் தாராளமாகவே பண்ணினார். பல் டாக்டருக்கு இது எதுவும் தெரியாது.

அந்த ஞாயிறு அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. வைத்தியர் வகைக்கு பலம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. யாருமே சாக மாட்டாங்கன்னா நான் எதுக்கு வாளைச் சுத்தறேன்? எழுப்பும் மந்திரத்துக்கும் பகடை போடணும். பத்துக்கு மேல விழுந்தாத்தான் பலிக்கணும். அப்புறம், எல்லாப் பகடையும் மேசை மேலயே போடலாமே. அந்த அட்டை எதுக்கு?"

மாஸ்டர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது தனக்காக ஏதாவது பேசாதா என்பதுபோல.

"அதெப்படி?" என்றேன். "வைத்தியர் வாள் எடுக்கக் கூடாது, கவசம் போடக் கூடாது. இருக்கறது ஒரே ஒரு மந்திரம். அதையும் புடுங்கிட்டா அவர் வெறும் மூட்டை தூக்கியா?"

"புடுங்கலைங்க. சமப்படுத்தறோம்."

"உங்க வாள் மட்டும் ரெண்டு தடவை வெட்டுதே, அதைச் சமப்படுத்தலாமா? என் திருடி பூட்டைத் திறக்கறதுக்குள்ள நீங்க கதவையே உடைச்சுடறீங்க!"

குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது. ஒரு விளையாட்டுக்கு இப்படி எகிறுகிறாளே என்று டாக்டர் விழித்தார். நான் நிறுத்தவில்லை. இல்லாத கோட்டைக்காகவும் பூதத்துக்காகவும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடினேன். மாஸ்டரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்களேன்!" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்து, "பழைய விதியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

தம்பி பகடையை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் சொல்றது சரி. விதியை மாத்திடலாம்" என்றான்.

வாழ வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் தங்களிடம் இருப்பதை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அது ஏன் அந்த நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும்?

"மாஸ்டர், போன மாசம் பூதம் என்னை அடிச்சுது, ஞாபகம் இருக்கா? ‘தப்பிச்சிட்டே’ன்னு சொன்னீங்க. பகடை உருள்ற சத்தமே வரல. பொய் சொல்றதுன்னாக்கூட உருட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது. தம்பி அவரைத் திட்டவில்லை. டாக்டரைப் பார்த்துப் பேசினான்.

"எப்பவும் எழுப்ப முடியும்னு விதி இருந்தா, ஒருத்தர் செத்துட்டா அது வைத்தியரோட தப்புதானே? அவன்தான் சரியா செய்யலன்னு ஆயிடும். பகடை வேணும், டாக்டர். முடிஞ்சதைச் செஞ்சும் சில சமயம் பலிக்காதுன்னு விதியிலயே இருக்கணும்."

டாக்டர் ஏதோ நல்ல ஆட்ட நுணுக்கம் கேட்டவர்போல மகிழ்ச்சியோடு தலையாட்டினார். கை தூக்கச் சொன்னார்கள். டாக்டரும் தம்பியும் தூக்கினார்கள். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் தூக்கினார். அட்டை மடங்கிப் பைக்குள் போனது.

ஆடினோம். கோட்டைச் சுரங்கத்தில் பூதம் பாய்ந்தது. மாஸ்டர் எல்லோர் கண் முன்னாலும் உருட்டினார். இருபது, அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது. வாள் வீராங்கனை செத்து விழுந்தாள்.

"நான் பக்கத்துல போறேன். கை வைக்கறேன்" என்றான் தம்பி. நிஜமாகவே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்திருந்தான். பிறகு பகடையை எடுத்து உருட்டினான்.

விழு, பெரிசா விழு என்று பல்லைக் கடித்தேன். அது தண்ணீர்ப் பாட்டிலில் முட்டித் திரும்பி நின்றது. ஏழு.

டாக்டர் ஏழைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "ஐயோ, பரவாயில்லப்பா, விளையாட்டுதானே" என்றார். தம்பி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நடைவழியில் போய்க் கோடியில் இருந்த குளியலறைக்குள் நுழைந்தான். கதவு சாத்திக்கொண்டது.

அந்த நடைவழியில்தான் மருந்து அலமாரி இருக்கிறது. பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசியும் வலி மாத்திரையும் என் கடையிலிருந்துதான் வருகின்றன. எது எந்தத் தட்டில் என்று எனக்குத் தெரியும். ஓடினேன். அலமாரி பூட்டித்தான் இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்தேன். பிறகு குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

உள்ளே சத்தமே இல்லை. "தம்பி" என்று கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டு, பதில் வராமல் போனால்? கதவில் கை வைத்தேன். தள்ள முடியவில்லை. பூதத்தின் பைக்குள்ளே கையை விட்டு வைரத்தை எடுத்த திருடி, ஒரு குளியலறைக் கதவுக்கு முன்னால் கட்டை மாதிரி நின்றாள். எனக்குப் பின்னால் மாஸ்டர் வந்து நிற்பது தெரிந்தது. அவரும் மூச்சு விடவில்லை.

குழாய் திறந்தது. நின்றது. தம்பி வெளியே வந்தான். முகமெல்லாம் தண்ணீர், கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. நல்லா அழுதிருக்கிறான். சிநேகிதன் செத்த நாளிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பார்த்தான். கதவைத் தொட்ட இடத்திலேயே இன்னும் அந்தரத்தில் நின்ற என் கையைப் பார்த்தான்.

"இவ்வளவு நேரம் இங்கயா நின்னே?"

கையைக் கீழே இறக்கினேன்.

"தாழ்ப்பாள் போடலக்கா" என்றான். "நீ வருவேன்னுதான் போடல."