பாதி தெரிந்த மூன்று

அந்த வாரம் முழுக்க அவளிடம் பேசப்பட்ட வார்த்தைகளை எண்ணினால் நூறைத் தாண்டாது. அதிலும் பாதியைப் பேசியது ஹோட்டல் லிஃப்ட்டில் இருந்த பெண் குரல். 'கதவு மூடுகிறது' என்று சொல்வதில் அந்தக் குரலுக்கு இருந்த கனிவு, கூட விளையாடுகிற பெண்களில் ஒருத்திக்கும் இல்லை.

தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. வயது முப்பத்தாறு. பதினோரு வருடமாக இந்த ஆட்டம்தான் சோறு போடுகிறது. மற்ற ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிசிடிவி.

உடை மாற்றும் அறைக்குள் அவள் நுழைந்தால் யாராவது ஒருத்தி, "கேமரா வருது, எல்லாரும் சிரிங்கம்மா" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். ஷூ நாடா இறுகுகிற சத்தம்தான் மிச்சம்.

காரணம், ராக்கெட்.

ராக்கெட் அவளுடைய ஒரே தோழியாக இருந்தவள். அவள் அடித்தால் பந்து போகிற தூரத்தைப் பார்த்து மைதானம் வைத்த பெயர் அது. ஆறு வருடம் இருவரும் ஊர் ஊராக ஒரே அறையில் தங்கினார்கள். ஒரே பற்பசை, ஒரே சார்ஜர், இருவருக்கும் ஒரே இடத்தில் முதுகுவலி.

இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அது நடந்தது. குழியைச் சுற்றி இருக்கிற வழுவழுப்பான புல்லில் பந்தை எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். எடுக்கும் முன் அந்த இடத்தில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். துடைத்த பிறகு அதே இடத்தில் பந்தைத் திரும்ப வைக்க வேண்டும். அன்றைக்கு ராக்கெட் திரும்ப வைத்தபோதெல்லாம் பந்து ஒரு கட்டைவிரல் அகலம் குழிப் பக்கமாக முன்னேறியிருந்தது. ஒரு தடவை என்றால் கைத்தவறு. மூன்று தடவை.

இவள் பார்த்தாள். அங்கேயே சொல்லியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே மீதிக் குழிகளை நடந்து முடித்தாள். ராக்கெட் தன் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் இவள் நேராக ரெஃப்ரியிடம் போய்ச் சொன்னாள். தப்பென்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட அட்டைக்கு மன்னிப்புக் கிடையாது. ராக்கெட் போட்டியிலிருந்து வெளியே. கூடவே மூன்று மாதத் தடை.

பெட்டியைக் கட்டும்போது ராக்கெட் கேட்டது ஒன்றே ஒன்று. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி?"



இவளுடைய மட்டைப் பையைத் தூக்கிவந்த சித்தப்பாகூட ஆறு மாதத்தில் கழன்றுகொண்டார். "பை தூக்குறவங்க எல்லாம் என்னைப் பாத்தா தட்டை எடுத்துக்கிட்டு வேற பக்கம் போயிடறாங்கம்மா. எனக்கும் மனுஷங்க வேணும்ல?" என்றார். அதிலிருந்து ஒரு இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. அது எதுவும் கேட்பதில்லை.

இன்று வருடத்தின் கடைசிப் போட்டி, கடைசி நாள்.

வருடக் கணக்கில் முதல் நாற்பது பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆட இடம். நாற்பதாவதாக ராக்கெட் நின்றாள். நாற்பத்தொன்றாவதாக இவள். பட்டியல் வரிசைப்படி ஜோடி சேர்க்கிறவர்கள் இருவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட்டார்கள். கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார்; ராக்கெட்டை விட ஒரே ஒரு அடி குறைவாக முடித்தால் இடம் இவளுக்கு. சமமாக முடித்தால் ராக்கெட்டுக்கு.

மூன்றாவதாக ஒரு அமெச்சூர், பணத்துக்கு ஆடாத ஒரு பெண்மணி. பல் டாக்டர். ஏதோ ஒரு கிளப்பில் ஜெயித்து, அழைப்பின் பேரில் ஆட வந்தவர். நாலாம் குழியில் புதருக்குள் போய்க் கால் மணி நேரம் போல் இலைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, தலையெல்லாம் சருகோடு வெளியே வந்தார்.

"முதல் வீச்சு பந்துல படவே இல்லைங்க! காத்தத்தான் அடிச்சேன். யாரும் பாக்கல, ஆனா ஒண்ணு சேத்துக்கோங்க!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமை அவருக்காக முப்பது வாய்கள் திறந்து காத்திருக்கும். இந்த அம்மாவுக்கு நேர்மை கைச்செலவில்லாமல் வருகிறது என்று இவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

கோல்ஃபில் ஒருவர் ஸ்கோரை இன்னொருவர் எழுத வேண்டும். இவளுடைய அட்டை டாக்டரிடம். டாக்டருடையது ராக்கெட்டிடம். ராக்கெட்டின் அட்டை, சொல்லவே வேண்டாம், இவள் சட்டைப் பையில்.

ராக்கெட்டின் பையை அவளுடைய அண்ணன் தூக்கிவந்தார். தொப்பையும் கிண்டலும் மாறாத மனிதர்.

"என்னம்மா சிசிடிவி, இன்னிக்கு ஃபுல் சார்ஜா?"

"அண்ணே, வாயை மூடிக்கிட்டு வா" என்றாள் ராக்கெட். இவள் பக்கம் திரும்பாமலே, "உங்க பந்துதான் தூரத்துல இருக்கு. நீங்க அடிங்க" என்றாள்.

நீங்க. ஆறு வருடம் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவள் வாயில் நீங்க. தாடையில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

பதினாறு குழிகள் முடிந்தன. இருவரும் சமம்.

பதினேழில் ராக்கெட் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழுந்தது. டாக்டரின் பந்து வழக்கம்போல் எதிர்ப்பக்கப் புதருக்கு. இவள் பந்து நட்டநடுவில், பட்டுப்போல் கிடந்தது. பந்தைத் தேட உதவுவது ஆட்ட மரியாதை. அண்ணன் தூரத்தை அளக்க முன்னால் போய்விட, மரத்தடிக்குப் போனது இவளும் ராக்கெட்டும்தான்.

பந்து கிடைத்தது. சருகுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ராக்கெட் எப்போதும் மூன்று எண் போட்ட பந்தைத்தான் ஆடுவாள். ஒரு காய்ந்த இலையின் நுனி அந்த மூன்றின் கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

இவள் நாலு அடி தள்ளி, பக்கவாட்டில், ஒரு கிளைக்குக் கீழே குனிந்து நின்றாள். வேறு இடம் இல்லை.

ராக்கெட் மட்டையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்தாள். மட்டை ஒரு சருகைத் தட்டியது. சருகு பந்தைத் தட்டியது.

மூன்று முழுசாகத் தெரிந்தது. கண் இமைக்கும் நேரம். மறுபடியும் பாதியானது.

ராக்கெட் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பந்து நகந்துடுச்சு. என் மேலதான் தப்பு. ஒரு அடி சேத்து எழுதிக்கோங்க."

இவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். ராக்கெட்டே சொன்னதை ராக்கெட் அட்டையிலேயே எழுதினால் போதும். ஒரு அடி முன்னிலை. அடுத்த வருடம் முழுக்க இடம். 'சரியாப் பாக்கல' என்று சொன்னால்கூட யாரும் குறை சொல்லப்போவதில்லை. இரண்டு வருடமாக அத்தனை பேரும் இவளிடம் கேட்டது அதைத்தானே? கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள் என்றுதானே?

போன தடவை நாலு மணி நேரம் யோசித்தாள். இந்த முறை நாலு நொடி.

"நகரல" என்றாள்.

"என்னது?"

"ஆடிச்சு. ஆடிட்டு அதே இடத்துலயே உக்காந்துடுச்சு. அபராதம் கிடையாது."

ராக்கெட் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"இது என்ன புது டெக்னிக்கா? நான் சரின்னு சொல்லணும், அட்டையில கையெழுத்துப் போடணும், அப்புறம் நீங்க நேரா ரெஃப்ரிகிட்ட போய் ஊதணும். மறுபடியும் நான் வெளிய. அதானே பிளானு?"

"அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"எனக்கு நீங்க பிச்சை போட வேணாம்."

"பிச்சை போடற நிலைமையில நான் இல்ல. ரெஃப்ரியைக் கூப்பிடுவோம். அவங்க சொல்லட்டும்."

இவள் கையை உயர்த்தினாள். சின்ன மின்வண்டியில் ரெஃப்ரி வந்து சேர்ந்தார். அகலத் தொப்பி போட்ட அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புகாரை எழுதி வாங்கிய அதே அம்மாதான். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெருமூச்சோடு திரும்பப் போட்டுக்கொண்டார்.

"யாரு யார் மேல புகார்?"

"நான் என் மேலயே" என்றாள் ராக்கெட். "பந்து நகந்துச்சு. இவங்க இல்லைங்கிறாங்க."

ரெஃப்ரிக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. "இவங்க... உனக்கு ஆதரவாவா?"

"அதாங்க எனக்கும் புரியல."

ரெஃப்ரி இவளைப் பார்த்தார். "எங்க நின்ன? என்ன பாத்த?"

"இங்கதான். பந்துல மூணுன்னு போட்டிருக்கு. இலை பாதியை மறைச்சிருந்துச்சு. தட்டினப்போ முழுசாத் தெரிஞ்சுது. அப்புறம் பழையபடி பாதி."

"நீ மேலேருந்து பாத்தியா?" என்று ராக்கெட்டிடம் கேட்டார்.

"ஆமா. ஆடினது தெரிஞ்சுது. திரும்பினது... தெரியல."

ரெஃப்ரி முழங்காலில் கைவைத்து, முனகிக்கொண்டே, இவள் நின்ற கிளைக்குக் கீழே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாதி மூணு" என்றார். எழுந்து சருகைத் தட்டிவிட்டுக்கொண்டார். "போன இடத்துலேருந்து திரும்பி வந்து அதே இடத்துல நின்னா, நகந்ததா கணக்கு இல்ல. அபராதம் இல்ல. ஆடுங்க." வண்டியில் ஏறும் முன் இவளைத் திரும்பிப் பார்த்தார். "பட்டியல்ல எத்தனையாவதும்மா நீ?"

"நாப்பத்தொண்ணு."

ரெஃப்ரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டி போய்விட்டது.

ராக்கெட் மரங்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி வழியாகப் பந்தை வெளியே அடித்தாள். நாலு அடியில் குழியை முடித்தாள். இவளும் நாலு.

பதினெட்டு. கடைசிக் குழி. ராக்கெட் முடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். இவளுக்கு எட்டடி தூரத்தில் குழி. போட்டால் ஒரு அடி வித்தியாசத்தில் எல்லாம் இவளுக்கு. இரக்கம் காட்டி விட்டுக்கொடுக்கிற எண்ணம் துளிக்கூட இல்லை. சரிவைப் பார்த்தாள். மூச்சை விட்டாள். அடித்தாள்.

பந்து நேராக ஓடியது. குழியின் இடது உதட்டைத் தொட்டது. முக்கால் வட்டம் சுற்றியது. வெளியே வந்து நின்றது.

"அய்யய்யோ!" என்றார் டாக்டர், தன் பந்தே தவறியதுபோல. "பல்லைப் பிடுங்கும்போது பாதியில உடையற மாதிரி இருக்குங்க!"

சமம்.

ஸ்கோர் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, நூல் கட்டிய பேனா. ராக்கெட்டின் அட்டையை இவள் ஒவ்வொரு குழியாக வாசித்தாள்.

"பதினாறு, அஞ்சு. பதினேழு, நாலு. பதினெட்டு, நாலு."

தன் பெயரைக் கிறுக்கிவிட்டு அட்டையை நகர்த்தினாள். இனி ராக்கெட் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தவள் போடவில்லை. பதினேழாம் கட்டத்தில் இருந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் மேஜை விளிம்பில் ஆடியது. டாக்டர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலுதானே?" என்றாள் ராக்கெட். குரல் அடங்கியிருந்தது.

"நாலுதான்."

"நான் பாக்கலடி அது திரும்பி வந்ததை. உன் கண்ணை நம்பி நான் கையெழுத்துப் போடணும். உன் கண்ணை!"

"ஆமா."

ராக்கெட் இவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. இந்தக் கண்ணை இன்றைக்கு நம்பினால், அன்றைக்கும் அதே கண்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போட்டாள். காகிதம் கிழிகிற அழுத்தத்தில்.

வெளியே ஆரவாரம். நாற்பதாவது இடம் யாருக்கு என்பது அதற்குள் பலகையில் ஏறிவிட்டது. ஏழெட்டுப் பேர் ராக்கெட்டைச் சுற்றிக்கொண்டார்கள். அண்ணன் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "சிசிடிவிக்குக் கரண்டு கட்டு!" என்று யாரோ கத்த, சிரிப்பு. மரத்தடியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இவள் நின்று விளக்கவில்லை. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள்.

டிக்கியைத் திறந்தபோது பின்னால் ஓடிவருகிற காலடி. ராக்கெட். மூச்சு வாங்கியது.

"அடுத்த வருஷம் என்ன பண்ணப் போற?"

"தகுதிச் சுற்று. மறுபடியும் முதல்லேருந்து."

"அங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. உன்னை ஒருத்திக்கும் தெரியாது."

"தெரியாது."

"நல்லதுதான். தெரியாதவங்க பேசுவாங்க."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. ராக்கெட்டுக்கும் உதட்டோரம் என்னவோ வந்தது, வந்த வேகத்தில் போனது. உள்ளேயிருந்து அவளை யாரோ கூப்பிட்டார்கள். போட்டோ எடுக்க வேண்டுமாம், நாற்பது பேரும் சேர்ந்து.

"நான் போகணும்" என்றாள் ராக்கெட்.

"போ."

"அவங்ககிட்ட நான் சொல்லணும். சொல்ல..." ராக்கெட்டின் வாய் அதற்குமேல் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தேடுகிற முகம் அது. இவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"அவசரமில்ல" என்றாள் இவள்.

ராக்கெட் போய்விட்டாள். பாதி வழியில் நடை வேகமானது, அப்புறம் ஓட்டமானது.

பை கனமாக இருந்தது. ஒரு முனையைத் தூக்கி டிக்கியின் விளிம்பில் வைத்து, சுற்றிவந்து மறுமுனையைத் தள்ளினாள். மைதானத்தில் யாரோ, "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.