தீப்பெட்டி வாங்கப் போனவன்

யாரோ எங்கேயோ உருவாக்கிய வீடியோ கேம்களில் வருகிற பேச்சையெல்லாம் தமிழில் எழுதுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. கேட்பவர்களுக்கு, நாள் முழுக்க விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பு. கேம் எங்கள் கண்ணிலேயே படாது. வருவது ஒரு நீளமான எக்செல் பட்டியல். இடது பக்கம் ஆங்கில வரி, வலது பக்கம் காலிக் கட்டம், ஓரத்தில் எத்தனை எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓர் எண். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பட்டியல் சொல்லாது. 'கம்' என்று ஒரு வரி இருக்கும். அது வாடாவா, வாங்கவா, வாம்மாவா? மகாராஜாவைப் போய் 'வாடா' என்று கூப்பிட்டு மாட்டிக்கொண்டவர்கள் எங்களில் உண்டு. மாட்டியது நான்தான்.

எங்கள் குழுத் தலைவருக்கு நான் வைத்த பெயர் எழுத்தெண்ணி. நாம் எழுதிய வரியை மேசைமேல் விரலால் தட்டித் தட்டி எண்ணுவார். ஓர் எழுத்து கூடினாலும் உதட்டைப் பிதுக்குவார். பக்கத்து மேசையில் பூச்சி. தமிழ் போட்ட கேமை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறவள். எங்கள் தொழிலில் பிழைக்குப் பூச்சி என்று பெயர். அதைப் பிடிக்கிறவளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது பூச்சி கேட்டாள்.

"சரி, ஆளாளுக்குச் சொல்லுங்க. இதுவரைக்கும் விளையாடினதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை எது?"

எழுத்தெண்ணி யோசிக்கவே இல்லை. "அந்த விவசாயம் பண்ற கேம்."

"அதுல ஏது சார் கதை?"

"ஏம்மா, விதை போட்டா முளைக்குது. அதைவிட என்ன கதை வேணும்? பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல போடறேன், எது முளைச்சிருக்கு?"

பூச்சிக்குப் பிடித்தது ஒரு குதிரை வருகிற கதை. பாதியில் அந்தக் குதிரை செத்துப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அதற்கு முந்தின கட்டத்திலேயே நிறுத்திவிட்டாள். நாலு வருடமாக அங்கேயே அந்தக் குதிரையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். "உலகத்தைக் காக்கணுமாம். அது அழிஞ்சா அழியட்டும், எனக்கென்ன. என் குதிரை நல்லா இருக்கு."

என்னிடம் கேட்டபோது, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவ எழுந்து போனேன். பச்சைப் பொய்.

குழாயடியில் நின்று யோசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சண்டைக்காகவும் சாகசத்துக்காகவும் இந்தக் கதைகள் பிடிப்பதாகப் பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். அதெல்லாம் சும்மா. கேமில் வருகிற மனிதர்கள் நாம் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். கோபித்துக்கொண்டு போகவும் மாட்டார்கள். வெளியே அப்படி நிற்கிற ஆள் யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒருவன் இருந்தான். நான்தான் அவனை நிற்க விடவில்லை.

அவன் என் தம்பி.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு. டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி, யாரோ விளையாடித் தேய்த்த பழையது, எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரே ஒரு கேம். ஓர் அக்கா, காணாமல்போன தம்பியைத் தேடித் தீவு தீவாகப் படகோட்டிக்கொண்டு போகிற கதை. எல்லாம் ஆங்கிலத்தில் எழுத்து. தம்பி விளையாடுவான், நான் பக்கத்தில் அகராதியோடு உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன். புரிந்ததைச் சொன்னேன். புரியாத இடத்தில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டேன். இன்றைக்கு நான் பார்க்கிற வேலையின் லட்சணம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

படகு கவிழ்ந்தால், தோற்றுப்போனாய், மறுபடி முயற்சி செய் என்று ஏதோ எழுதிவரும். அதைச் சொன்னால் அவன் அழுவான். அதனால் "நனைஞ்சது போதும், எழுந்திரு" என்று வாசிப்பேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு படகை நிமிர்த்துவான்.

ஒவ்வொரு தீவிலும் ஒரு மீனவர் நிற்பார். அவர் கிட்டப் போனால் 'சேவ்?' என்று கேட்பார். அதுவரை விளையாடியதைச் சேமித்து வைக்கவா என்று அர்த்தம். அது எனக்கு எப்படித் தெரியும்? அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள், காப்பாற்று. "காப்பாத்தவான்னு கேக்கறார்டா" என்றேன். அப்படி ஒருவர் கேட்டால் எந்த ஏழு வயதுக்காரன் வேண்டாம் என்பான்? பத்தடி போவான், திரும்பி வந்து காப்பாற்றுவான். மறுபடி பத்தடி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, டிவியை அணைக்கப் போனால், "காப்பாத்து! அக்கா, காப்பாத்து!" என்று அலறுவான். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் கையில் துடைப்பத்தோடு ஓடியே வந்துவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசித் தீவில் ஒரு வீடு. கதவு திறந்திருக்கும், அணைந்த விளக்கு ஒன்று இருக்கும், தேடிவந்த தம்பி இருக்கமாட்டான். திரையில் ஒரே வரி. இங்கே யாரும் இல்லை. அது எனக்கு நன்றாகவே புரிந்தது. என் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"தம்பி கடைக்குப் போயிருக்கான். வந்துடுவான்."

"என்ன வாங்க?"

"தீப்பெட்டி. விளக்கு அணைஞ்சிருக்கு பாரு."

அவன் பெட்டியை அணைக்க விடவில்லை. படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டான். கடை கொஞ்சம் தூரம் என்றேன். "அப்ப சரி" என்று என்மேல் சாய்ந்தபடி தூங்கிப்போனான்.

இதற்குமேல் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாங்கள் இருவரும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒரு மதியம் அவன் முறை. அம்மா தூங்குகிறாள் என்று வராந்தாவில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா தானாக எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிட்டாள். ஐந்து நாள் கழித்துப் போய்விட்டாள். விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவன் எதிரே உட்கார்ந்து, நான் மடித்ததை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏன் அப்போது வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

"பொம்மைப் படகைப் பத்தடிக்கு ஒருதரம் காப்பாத்தினியே. அம்மாவை ஒருதரம் காப்பாத்த முடியலையாடா உன்னால?"

கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தான். "போறேன்" என்றான். எங்கள் வீட்டில் தெருமுனைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லுவோம். அவன் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நம்பரை மாற்றிவிட்டான். வருடத்துக்கு ஒரு முறை சித்திக்கு மட்டும் 'நல்லா இருக்கேன்' என்று ஒரு தகவல் வரும். எந்த ஊர், என்ன வேலை, எதுவும் இல்லை. அவனுக்கு எதை அனுப்பவும் வழியில்லாமல் நாலு வருடமாக மன்னிப்பை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாப்பாட்டு அரட்டை நடந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை எழுத்தெண்ணி புதுப் பட்டியலை அனுப்பினார். பழைய கேம் ஒன்றைப் புதுப்பித்து எல்லா மொழிகளிலும் கொண்டுவருகிறார்களாம். திறந்தேன். முதல் வரி: அக்கா படகை அவிழ்க்கிறாள். அதே கேம்தான்.

வீட்டைவிட்டுப் போனவன் விளையாட்டை விட்டிருப்பானா? மாட்டான். இதைப் பார்த்தால் வாங்காமல் இருப்பானா? இருக்கமாட்டான். தமிழில் இருக்கிறது என்று தெரிந்தால்? எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. படகு கவிழ்கிற வரிக்கு வந்ததும், யாரையும் கேட்காமல் 'நனைஞ்சது போதும், எழுந்திரு' என்று போட்டேன். எழுத்தெண்ணி தட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து சரியா இருக்கு. நல்லாவும் இருக்கு" என்றார்.

மீனவர் வரிக்கு வந்தபோதுதான் தகராறு.

"'சேமிக்கவா?'ன்னு போட்டிருக்கீங்க. பேங்க் மாதிரி இருக்கே. மீன் பிடிக்கிற ஆளு பேசறார். 'காப்பாத்தவா?'ன்னு போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்?"

"வேண்டாம் சார். சேமிக்கவாதான் சரி."

"எழுத்துக்கும் இடம் இருக்கு..."

"நான்தான் வேண்டாங்கறேன்ல!"

பூச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்தெண்ணி தன் மேசைக்குப் போய்விட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தது தப்புதான். ஆனால் அந்த வார்த்தையை நான் எப்படி அவன் முன்னால் வைப்பேன்? எந்த வார்த்தையால் அவனை வீட்டைவிட்டு அனுப்பினேனோ, அதையே தீவுக்குத் தீவு ஒரு கிழவர் வாயால் கேட்கவைப்பதா? கடைசி வரியையும் உள்ளபடியே எழுதினேன். இங்கே யாரும் இல்லை. கதையின் முடிவையே மாற்ற எனக்கு உரிமையும் இல்லை.

கேம் வெளியானது. விளையாடுகிறவர்கள் மொழிப்பிழை சொல்வதற்கு என்று ஒரு பக்கம் உண்டு. அனுப்பியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. பதில் பெட்டியில் நாம் எழுதுவது அவருக்குப் போய்ச்சேரும், அவ்வளவுதான். முதல் வாரம் தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் திறந்தேன். எண்பது பேர் எழுதியிருந்தார்கள். கமா இல்லை, ஒற்று மிகவில்லை, 'எழுந்திரு' என்று மரியாதையில்லாமல் சொல்வதா என்று ஒருவர். இரண்டாம் வாரம் இருபது பேர். மூன்றாம் வாரம் யாரும் இல்லை. அவன் வாங்கவே இல்லை, அல்லது ஆங்கிலத்திலேயே விளையாடிவிட்டான். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவனுக்கு வாசித்துச் சொல்ல ஆள் எதற்கு என்று நினைத்தபோது அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பூச்சி தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருத்தர் மூணு பிழை அனுப்பியிருக்கார். முதல் பிழை பிழையே இல்ல. மத்ததும் எனக்குப் புரியல. நீங்களே பாருங்க."

பார்த்தேன்.

'ஒன்று. படகு கவிழ்ந்தால் "நனைஞ்சது போதும், எழுந்திரு" என்று வருகிறது. இது சரி. யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

இரண்டு. மீனவர் "சேமிக்கவா?" என்று கேட்கிறார். தப்பு. அவர் "காப்பாத்தவா?" என்றுதான் கேட்பார். அந்த வார்த்தைமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

மூன்று. கடைசித் தீவில் "இங்கே யாரும் இல்லை" என்று வருகிறது. இதுவும் தப்பு. தம்பி தீப்பெட்டி வாங்கப் போயிருக்கிறான். கடை கொஞ்சம் தூரம்.'

எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. பூச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எப்போது வந்தார் என்று தெரியாமல் எழுத்தெண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பிழையை அவர் இரண்டு தடவை வாசித்திருக்க வேண்டும். சண்டை போட்டது அவரோடுதானே.

"பதில் போடணுமே" என்றார் மெதுவாக.

பதில் பெட்டியில் எல்லோருக்கும் போகிற வாசகம் தயாராக இருக்கும். 'தவறு எங்களுடையது. திருத்திக்கொள்கிறோம்.' நான் அதில் 'எங்களுடையது' என்பதை 'என்னுடையது' ஆக்கினேன். 'திருத்திக்கொள்கிறோம்' என்பதை அழித்தேன். நாலு வருடமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. 'தீப்பெட்டி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை' என்று எழுதினேன். அந்தப் பெட்டிக்கும் எழுத்துக்கணக்கு உண்டு. இதற்குமேல் கை ஓடவில்லை.

அலுவலக வாசகத்தை மாற்றக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவரே பின்னால் நிற்கிறார். அவர் குனிந்து, என் மேசையில் விரலால் தட்டித் தட்டி நிதானமாக எண்ணினார்.

"இன்னும் அஞ்சு எழுத்துக்கு இடம் இருக்கும்மா" என்றார்.

'வந்துடுடா' என்று எழுதினேன். சரியாக இருந்தது.